ஜேம்ஸ் ஜேமர்சன்

ஜேம்ஸ் ஜேமர்சன் (ஜனவரி 29, 1936 – ஆகஸ்ட் 2, 1983) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பேஸ் கிட்டார் இசைக்கலைஞர் ஆவார். மிச்சிகன் மாநிலத்தின் டிட்ராயிட் நகரில் இயங்கிய மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 1960களின் பாடல்கள் பெரும்பாலானவற்றில் பேஸ் வாசித்தவர் இவரே. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த 20க்கும் மேற்பட்ட பாடல்களில் இவருடைய வாசிப்பு உள்ளது. ஆயினும் 1971 வரை வெளிவந்த மோடவுன் இசைத்தட்டு உறைகளில் இவருடைய பெயர் அச்சிடப்படவில்லை. இவரது பேஸ் ஒலி, சோல் இசையின் அடையாளங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவ்வொலியை மீண்டும் உருவாக்கும் முயற்சிகள் இன்றும் தொடர்கின்றன.

இளமைக்காலம்

ஜேமர்சன் தென் கரொலைனா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அருகில் உள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தார். இவருடைய பாட்டி பியானோ வாசிப்பவர். அத்தை தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். சிறு வயதிலேயே இவரும் பியானோ வாசிக்கக் கற்றார். குச்சி ஒன்றில் ரப்பர்ப் பட்டையைக் கட்டி, அதனை எறும்புப் புற்றில் ஊன்றி மீட்டி, எறும்புகளை ஆடவைத்ததாகத் தம் சிறுவயது விளையாட்டு ஒன்றைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

1954 இல் தாயாருடன் டிட்ராயிட் நகரில் குடியேறினார். தெற்கு மாநிலங்களைச் சேர்ந்த கறுப்பின மக்கள் பலர் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் வேலை தேடி அந்நகருக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது டபுள் பேஸ் கற்கத் தொடங்கினார். டபுள் பேஸ் என்பது நிமிர்த்தி வைத்து, நின்றுகொண்டு வாசிக்கப்படும் பெரிய நரம்பிசைக் கருவியாகும். விரைவிலேயே நகரின் ஜாஸ், புளூஸ் இசை விடுதிகளில் வாசிக்கத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசை பயில உதவித்தொகை கிடைத்தது. அதனை ஏற்காமல் இசைக்கலைஞராகவே தொழிலைத் தொடர்ந்தார்.

மோடவுன் காலம்

1959 இல் பெர்ரி கோர்டி என்பவர் டிட்ராயிட்டின் மேற்கு கிராண்ட் பூல்வார்டு சாலையில் ஒரு வீட்டை வாங்கி, அதன் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ. என்று பெயரிடப்பட்ட அவ்வீடே மோடவுன் நிறுவனத்தின் தலைமையிடமாக விளங்கியது. ஜேமர்சன் அவ்வாண்டிலேயே அங்கு ஒலிப்பதிவுகளில் வாசிக்கத் தொடங்கினார். தாழ்ந்த கூரையும் தரையெங்கும் கிடந்த கம்பிவடங்களும் கொண்ட அக்கூடத்தை இசைக்கலைஞர்கள் பாம்புக்குழி என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

மோடவுனில் நிலையாக வாசித்த கலைஞர் குழு ஃபங்க் பிரதர்ஸ் எனப்பட்டது. விசைப்பலகைக் கலைஞர் ஏர்ல் வான் டைக், முரசுக் கலைஞர் பென்னி பெஞ்சமின், கிட்டார் கலைஞர்கள் ராபர்ட் வைட், எட்டி வில்லிஸ், ஜோ மெசினா ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் பின்னணியில் வாசித்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் முதலியோரின் பாடல்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போன்ற சாயலுடன் ஒலிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

தொடக்கக் காலப் பதிவுகளில் ஜேமர்சன் டபுள் பேஸ் வாசித்தார். மார்த்தா அண்ட் த வண்டெல்லாஸ் குழுவின் ஹீட் வேவ் (1963), மேரி வெல்ஸ் பாடிய மை கை (1964) ஆகியவற்றில் கேட்பது அக்கருவியே. இக்காலத்திலேயே ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் எனப்படும் மின்சாரப் பேஸ் கிட்டாரையும் வாசிக்கத் தொடங்கியிருந்தார். பின்னர் அதுவே இவரது முதன்மைக் கருவியாயிற்று.

நிறுவனத்துக்கு வெளியே வாசிப்பதை மோடவுன் தடை செய்திருந்தது. இருப்பினும் ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்கள் கூடுதல் வருவாய்க்காகப் பிற நிறுவனங்களின் ஒலிப்பதிவுகளிலும் கலந்துகொண்டனர். ஜாக்கி வில்சன் சிகாகோவில் பதிவு செய்த ஹயர் அண்ட் ஹயர் (1967) பாடலில் பேஸ் வாசித்தவர் ஜேமர்சனே.

வாசிப்பு முறை

1950களின் பரவலிசைப் பாடல்களில் பேஸ் கருவியின் பணி எளியதாக இருந்தது. சுருதிக்கூட்டின் அடிச்சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மாறிமாறி, தாளத்தின் அடிகளில் வாசித்தால் போதும். ஜேமர்சன் இதனை மாற்றினார். அடிச்சுரங்களுக்கு இடையே அரைச்சுரப் படிகளில் நகர்ந்தார். அடிகளின் மீது மட்டும் வாசிக்காமல் அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களிலும் சுரங்களை வைத்தார். இதனால் பேஸ், பாடலின் அடியில் ஓடும் இரண்டாவது மெல்லிசையாக ஆயிற்று. மை கேர்ள் (1964) பாடலின் தொடக்கத்தில் தனியே ஒலிக்கும் எளிய சொற்றொடரையும், ஸ்டீவி வொண்டரின் ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப் (1968) பாடலில் ஓயாமல் மாறிக்கொண்டே செல்லும் வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான்காண்டுகளில் இவர் கடந்து வந்த தொலைவு விளங்கும்.

இவ்வாசிப்புகள் பெரும்பாலும் எழுதித் தரப்பட்டவை அல்ல. ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் ஆகிய மூவர் கூட்டணி போன்ற மோடவுன் தயாரிப்பாளர்கள் பல வேளைகளில் சுருதிக்கூட்டுகளின் பெயர்கள் மட்டும் குறித்த தாளையே கொடுத்தனர். எஞ்சியவற்றை ஜேமர்சன் ஒலிப்பதிவின்போதே அமைத்தார். ஆனால் இதற்குப் பாடலாசிரியர் உரிமையோ உரிமத்தொகையோ அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒலியின் இயல்பு

ஜேமர்சனின் பேஸ் ஒலி தடித்தது, மந்தமானது, விரைவில் அடங்குவது. பல சிறு கூறுகள் சேர்ந்து இவ்வொலியை உருவாக்கின.

கருவி: இவர் நெடுங்காலம் பயன்படுத்தியது 1962 ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரிசிஷன் பேஸ் ஆகும். இக்கருவியில் ஒலியளவுக்கு ஒன்றும் ஒலித்தன்மைக்கு ஒன்றுமாக இரண்டே திருகுகள் உண்டு. ஃபங்க் மெஷின் என அழைக்கப்பட்ட இக்கருவியின் கழுத்தடியில் ஃபங்க் என்ற சொல்லை இவரே பொறித்திருந்தார்.

தந்திகள்: பேஸ் தந்தி என்பது நடுக்கம்பி ஒன்றின் மீது மற்றொரு கம்பியைச் சுற்றிச் செய்யப்படுவது. சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் ஒலி பளிச்சென்றும் இருக்கும். தட்டையான நாடாவாக இருந்தால் மேற்பரப்பு வழவழப்பாகவும் ஒலி மென்மையாகவும் இருக்கும். ஜேமர்சன் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளைப் பயன்படுத்தினார். அறுந்தாலொழிய அவற்றை மாற்றுவதில்லை. வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்கிடையே படியும்போது தந்தியின் அதிர்வு தணிந்து, உயர்ந்த மேற்சுரங்கள் மங்குகின்றன. பிற கலைஞர்கள் குறையாகக் கருதி நீக்கிய இம்மாற்றத்தை ஜேமர்சன் விரும்பிக் காத்தார்.

பஞ்சு: தந்திகள் சென்று முடியும் பாலத்தை ஓர் உலோக மூடி மறைத்திருந்தது. அதன் அடியில் தந்திகளை அழுத்தியவாறு ஒரு பஞ்சுத் துண்டு இருந்தது. இதனால் ஒவ்வொரு சுரமும் அழுத்தமாகத் தொடங்கி உடனே தணிந்தது. தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே நூலை வைத்து மேற்சுரங்களைப் பெருக்கி ஒலியை நீளச் செய்வர். ஜேமர்சனின் பஞ்சு இதற்கு நேர் எதிரான பணியைச் செய்தது. சுரம் விரைவில் அடங்கியதால் அடுத்த சுரத்துக்கும் முரசுக்கும் இடம் கிடைத்தது. இவ்வளவு நெருக்கமான சுரங்களை வாசித்தும் பாடல் குழம்பாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விரல்: ஜேமர்சன் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். டபுள் பேஸ் வாசித்துப் பழகிய வலுவான விரல் அது. கொக்கி என்று பொருள்படும் பட்டப்பெயர் அதற்கு வழங்கப்பட்டது. மற்ற விரல்களை உலோக மூடியின் மீது ஊன்றிக்கொள்வார். இவருடைய கருவியில் தந்திகள் விரல்பலகையிலிருந்து மிக உயரத்தில் இருந்தன. மற்றவர்கள் அதனை அழுத்தி வாசிக்கச் சிரமப்பட்டனர்.

ஒலிப்பதிவு: மோடவுனில் பேஸ் கிட்டாரை ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்வதற்கு மாறாக, மின்குறிப்பை நேரடியாகக் கலவை மேசைக்குக் கொண்டுசென்றனர். இதற்கான கருவிகளை நிறுவனத்தின் பொறியாளர் மைக் மெக்லீன் வடிவமைத்தார். குறிப்பு சற்று வலுவாகச் செலுத்தப்படும்போது வெற்றிடக்குழாய் மின்சுற்றுகள் இலேசான உருக்குலைவை உண்டாக்கி, புதிய மேற்சுரங்களைச் சேர்க்கின்றன. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கார் வானொலியின் சிறிய ஒலிபெருக்கியால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்ப இயலாது. ஆனால் மேற்சுரங்கள் கேட்டால் மனிதச் செவி விடுபட்ட அடிச்சுரத்தைத் தானே உணர்ந்துகொள்ளும். ஜேமர்சனின் பேஸ் சிறிய வானொலிகளிலும் தெளிவாகக் கேட்டதற்கு இதுவே அடிப்படையாகும்.

பெயர் அச்சான இசைத்தட்டு

மார்வின் கே 1971 இல் வெளியிட்ட வாட்ஸ் கோயிங் ஆன் தொகுப்பின் உறையில் வாசித்த கலைஞர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டன. ஜேமர்சனின் பெயர் சிறப்பு அடைமொழியுடன் இடம்பெற்றது. மோடவுனில் சேர்ந்து ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே இது நிகழ்ந்தது. தலைப்புப் பாடலின் பதிவுக்காக மார்வின் கே இவரை ஓர் இசை விடுதியில் தேடிப்பிடித்து அழைத்து வந்ததாகவும், மதுவின் மயக்கத்தால் உட்கார முடியாமல் தரையில் படுத்தவாறே இவர் வாசித்ததாகவும் கூறப்படுகிறது. இவர் வாழ்வைச் சிதைத்த குடிப்பழக்கம் அக்காலத்திலேயே முற்றியிருந்தது. அப்பாடலின் பேஸ் வாசிப்பு இவரது மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

நெடுங்காலம் பெயர்கள் அச்சிடப்படாமையால் பிற்காலத்தில் சில பாடல்களை வாசித்தவர் யார் என்பது பற்றிய கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகழ்பெற்ற பேஸ் கலைஞர் கேரல் கேய், அவற்றுள் சிலவற்றைத் தாம் வாசித்ததாகக் கூறினார். மோடவுனில் பணியாற்றிய பலர் இதனை மறுத்தனர்.

லாஸ் ஏஞ்சலஸ் வாழ்க்கை

1972 இல் மோடவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இடம் பெயர்ந்தது. டிட்ராயிட் கலைஞர்களில் பெரும்பாலோர் அங்கேயே விடப்பட்டனர். ஜேமர்சன் 1973 இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்றார். அவ்வாண்டிலேயே மோடவுனுடனான இவரது தொடர்பு முடிவுற்றது. பின்னர்ப் பல நிறுவனங்களுக்குத் தனிக் கலைஞராக வாசித்தார். மர்லின் மெக்கூ, பில்லி டேவிஸ் இருவரும் பாடிய யூ டோன்ட் ஹாவ் டு பீ எ ஸ்டார் (1976) இக்காலத்தில் முதலிடம் பிடித்த பாடலாகும்.

எனினும் காலத்தின் சுவை மாறிக்கொண்டிருந்தது. 1970களின் பிற்பகுதியில் டிஸ்கோ இசை பரவியது. நடன அரங்குகளின் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு ஏற்ற பளிச்சென்ற பேஸ் ஒலியைத் தயாரிப்பாளர்கள் நாடினர். உருண்டைச்சுற்றுப் புதுத் தந்திகளும், 1976 இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்ற கருவிகளும், கட்டைவிரலால் தந்தியை அறையும் முறையும் பரவின. சிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த குட் டைம்ஸ் (1979) புதிய போக்கின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆகும். ஜேமர்சன் தம் பழைய தந்திகளையோ வாசிப்பு முறையையோ மாற்ற விரும்பவில்லை. குடிப்பழக்கத்தால் உடல்நலமும் நம்பகத்தன்மையும் குறைந்தன. அழைப்புகள் அருகின. இதே காலத்தில் இவருடைய மகன் ஜேம்ஸ் ஜேமர்சன் ஜூனியர் பேஸ் கலைஞராக வளர்ந்து, சான்சோன் என்ற டிஸ்கோ குழுவை இணைந்து நடத்தினார். அக்குழுவின் டோன்ட் ஹோல்ட் பேக் (1978) வெற்றி பெற்றது.

இறுதிக்காலம்

1983 மார்ச் 25 அன்று மோடவுனின் 25 ஆம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சி கலிபோர்னியாவின் பாசடினா நகரில் நடைபெற்றது. மைக்கேல் ஜாக்சன் தமது மூன்வாக் நடனத்தை முதன்முதலாக ஆடிக்காட்டிய நிகழ்ச்சி இதுவாகும். ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. கூடுதல் விலைக்கு நுழைவுச்சீட்டு விற்பவர் ஒருவரிடம் சீட்டு வாங்கி, அரங்கின் மேல்மாடத்தில் அமர்ந்து இவர் நிகழ்ச்சியைக் கண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஃபங்க் மெஷின் கிட்டார் திருடப்பட்டது. கல்லீரல் இழைநார் வளர்ச்சி நோய், நிமோனியா, இதயச் செயலிழப்பு ஆகியவற்றால் ஜேமர்சன் 1983 ஆகஸ்ட் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 47 ஆம் வயதில் காலமானார். இவருடைய உடல் டிட்ராயிட் நகரின் வுட்லான் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பிந்தைய புகழ்

1989 இல் ஆலன் ஸ்லட்ஸ்கி, டாக்டர் லிக்ஸ் என்ற புனைபெயரில் ஸ்டாண்டிங் இன் த ஷாடோஸ் ஆஃப் மோடவுன் என்ற நூலை வெளியிட்டார். ஜேமர்சனின் வாழ்க்கையையும் வாசிப்புகளின் இசைக்குறிப்புகளையும் கொண்ட இந்நூலே இவர் பெயரைப் பரவலாக அறியச் செய்தது. இதே தலைப்பில் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் 2002 இல் வெளிவந்தது. 2000 ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம், பின்னணிக் கலைஞர்களுக்கென முதன்முறையாக ஏற்படுத்திய பிரிவில் இவரைச் சேர்த்தது. 2004 இல் ஃபங்க் பிரதர்ஸ் குழுவுக்குக் கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டது. 2020 இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட தலைசிறந்த 50 பேஸ் கலைஞர்களின் பட்டியலில் இவருக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, தம்மைக் கவர்ந்த பேஸ் கலைஞராக இவரைக் குறிப்பிட்டுள்ளார்.

ஒலியை மீட்டுருவாக்கும் முயற்சிகள்

1970களிலும் 1980களிலும் வழக்கொழிந்த இவ்வொலி, பழைய சோல் இசை மீதான ஆர்வம் பெருகியபோது மீண்டும் தேடப்பட்டது. இதற்குக் கலைஞர்கள் பொதுவாகப் பின்பற்றும் படிகள் பின்வருமாறு:

- பிரிசிஷன் பேஸ் வகைக் கருவியில் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளைப் பூட்டி, அவற்றை மாற்றாமல் நாட்படப் பயன்படுத்துதல்.
- பாலத்தின் அருகே தந்திகளின் அடியில் பஞ்சு வைத்தல். மிகுதியாக அழுத்தினால் சுரமே மறைந்துவிடும். குறைவாக இருந்தால் ஒலி நீளும்.
- ஒரே விரலால், தந்தியின் மேல் சதைப்பகுதி நன்கு பதியுமாறு மீட்டுதல்.
- வெற்றிடக்குழாய் உள்ளீட்டுக் கருவி வழியாகவோ, அதனைப் போலச் செய்யும் மென்பொருள் வழியாகவோ நேரடியாகப் பதிவு செய்து, இலேசான உருக்குலைவு சேர்த்தல்.

டிஸ்கோ கால ஒலியை நாடுவோர் இவற்றுக்கு எதிரானவற்றைச் செய்ய வேண்டும். புதிய உருண்டைச்சுற்றுத் தந்திகளைப் பூட்டி, பஞ்சை நீக்கி, உயர் அதிர்வெண்களைக் கூட்ட வேண்டும். எனவே இவ்விரு காலங்களின் பேஸ் ஒலியையும் ஒரே கருவியமைப்பில் பெறுதல் அரிது.

கருவியையும் தந்தியையும் விலைக்கு வாங்கலாம். எனினும் ஜேமர்சனின் பாடல்களிலிருந்து பேஸ் தடத்தை மட்டும் பிரித்துக் கேட்கும் வாய்ப்பு ஏற்பட்ட பின்னர், ஒலியின் பெரும்பகுதி சுரங்களின் நீளத்திலும் அவை தாளத்தில் அமரும் இடத்திலும் அடங்கியிருப்பது தெளிவாயிற்று. இவை எந்தக் கருவியிலும் பயிற்சியால் மட்டுமே வருபவை.

தமிழ்த் திரையிசையுடன் ஒப்பீடு

1970களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்த் திரைப்பாடல்களிலும் பேஸ் கிட்டார் தனித்த மெல்லிசையாக ஒலிக்கத் தொடங்கியது. இளையராஜாவின் பாடல்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் ஆகும். ஆனால் உருவாக்கும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. டிட்ராயிட்டில் பேஸ் வாசிப்பைக் கலைஞரே பெரும்பாலும் அமைத்தார். இளையராஜா தம் பாடல்களுக்கான பேஸ் வாசிப்பைப் பிற கருவிகளின் பகுதிகளோடு சேர்த்துத் தாமே இசைக்குறிப்பாக எழுதித் தருபவர். ஒற்றுமையும் உண்டு. அக்காலத் தமிழ்த் திரைப்பட இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெற்றன. வாசித்த கலைஞர்களின் பெயர்கள் பொதுவாக இடம்பெறவில்லை. ஜேமர்சன் வாசித்த வீடு 1985 முதல் மோடவுன் அருங்காட்சியகமாக இயங்குகிறது. முன்பு பெயரின்றிப் பணியாற்றிய கலைஞர்கள் இன்று அங்கே பெயருடன் நினைவுகூரப்படுகின்றனர்.

ஜேமர்சன் வாசித்த பாடல்களில் சில

- ஹீட் வேவ் – மார்த்தா அண்ட் த வண்டெல்லாஸ் (1963)
- மை கேர்ள் – டெம்ப்டேஷன்ஸ் (1964)
- யூ கான்ட் ஹரி லவ் – சுப்ரீம்ஸ் (1966)
- ரீச் அவுட் ஐ'ல் பி தேர் – ஃபோர் டாப்ஸ் (1966)
- பெர்னடெட் – ஃபோர் டாப்ஸ் (1967)
- எய்ன்ட் நோ மவுண்டன் ஹை இனஃப் – மார்வின் கே, டாமி டெரல் (1967)
- ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப் – ஸ்டீவி வொண்டர் (1968)
- வாட்ஸ் கோயிங் ஆன் – மார்வின் கே (1971)